காட்டில் சேர்த்தி

"அப்பா, குட்டை மரமெல்லாம் காட்டுல சேர்த்தியா, இல்லையா?"

மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். விடுமுறை நாளில் அப்பா கண்டக்டராக இருக்கும் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்புவதுதான் அவளுக்குச் சுற்றுலா. ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை அவளுடையது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் உயரமான மரங்கள் இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வரும். அப்புறம் ஏற்றம். ஏற ஏற மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய், கடைசியில் இடுப்புயர முள்மரங்களும் பாறைகளுமாக ஒரு சரிவு தெரியும். அதை எல்லாரும் முள்மேடு என்பார்கள். அதைப் பார்த்ததும்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சேர்த்திதான் பாப்பா. சின்னப் பிள்ளைங்களும் மனுஷங்கதானே?" என்றார். மகள் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பயணி ஒருவர், "நல்லாச் சொன்னீங்க" என்று பாராட்டவும் செய்தார். கேட்டது குழந்தை. பதிலால் யாருக்கும் லாபமோ நஷ்டமோ இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் உண்மை தானாகவே வாயில் வந்துவிடுகிறது.

பல வருடங்கள் கழித்து அதே கேள்வியை இன்னொருவர் கேட்டார். அவர் உயரமான முதுகுள்ள நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது கண்டக்டர் வேறு பதில் சொன்னார்.

அவரைக் கண்டக்டர் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. வழித்தடம் முழுக்க அவர் பெயர் 'ரைட்டு'. வண்டி நிற்பதற்கு முன்பே 'ரைட், ரைட்' சொல்கிற ஒரே ஆள் என்று கேலி உண்டு. தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், "ஒருத்தருக்காக நாப்பது பேரு காத்திருக்க முடியாதுப்பா" என்று தலைக்குமேல் ஓடும் மணிக் கயிற்றை இழுத்துவிடுவார். அதில் அநியாயம் என்று சொல்ல எதுவும் இல்லை. நேரத்துக்கு ஓடும் வண்டி என்று அதற்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காட்டுக் கூட்டமைப்பு உருவானதே அந்த வண்டியில்தான். காட்டை ஒட்டிய பதினோரு ஊர்களுக்கும் அது ஒன்றுதான் பேருந்து. மேல் ஊரில் யாரோ வந்து காட்டை அளந்துவிட்டுப் போன செய்தி கீழ் ஊருக்குக் கண்டக்டர் வாய் வழியாகத்தான் இறங்கும். "உங்க ஊர்லயுமா? எங்க ஊருக்கும் வந்தாங்களே!" என்று முன் இருக்கையும் பின் இருக்கையும் பேச ஆரம்பித்தன. பாலத்து நிறுத்தத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், "எல்லாத்தையும் வண்டியிலயே பேசி முடிச்சிருவீங்களா? எங்க கடை மாடிக்கு வாங்க, உட்கார்ந்து பேசுவோம்" என்றார். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்து ஆரம்பித்த அந்தப் பேச்சு சில வருடங்கள் நீண்டது. கேட்டது ஒன்றே ஒன்றுதான். காட்டு நிலத்தை யாருக்காவது குத்தகைக்கு விடுவதானால், அதை ஒட்டி வாழும் ஊர்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று விதியைத் திருத்த வேண்டும். இருக்கிற விதியில் அப்படி ஒரு வரி இல்லை. மரம் சாய்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரியும்.

கூட்டமைப்புக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பழக்கம் இருந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வெவ்வேறு ஊரைச் சேர்ந்த இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும். மாடியில் எல்லாரும் ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்லலாம். அதைத் தாண்டி எதைக் கேட்டாலும், "ஒரு நிமிஷம், வெளிய போய்ப் பேசிட்டு வர்றோம்" என்று எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட வேண்டும். இருவருக்கும் சம்மதமானால்தான் பதில். இதற்காகவே அதிகாரிகள் அவர்களுக்கு 'வராந்தா கட்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் அதைப் பட்டம் வாங்கியதுபோல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் விதித் திருத்தத்துக்காக அரசு அமைத்த ஆய்வுக் குழு அவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டபோது, நன்றாகப் பேசுவார் என்று கண்டக்டரை அனுப்பினார்கள். கூடப் போனவர் கடைசி நிறுத்தத்து ஆட்டுக்கார அக்கா. முள்மேட்டில் ஆடு மேய்ப்பவர். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. அவர் ஊரில் எல்லா வீட்டு அடுப்பும் அந்த முள்மேட்டை நம்பித்தான் எரிகிறது.

விசாரணை அறை குளிராக இருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். அக்கா அதைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் பேசினார். அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்படி நன்றாகப் பேசினார். குழுத் தலைவர் அவரை ஒவ்வொரு முறையும் 'சார்' என்று அழைத்தார். இத்தனை வருட வேலையில் அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை.

"எல்லாம் தெளிவா இருக்கு சார்," என்றார் தலைவர். "எனக்கு ஒரே ஒரு உறுத்தல். காடுன்னா என்னன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுல புதரும் முள்மரமும் இருக்குற நிலத்தையும் போட்டிருக்கீங்க. இடுப்பு உயரத்துக்கு நிக்கிற முள்ளெல்லாம் காட்டுல சேர்த்தியா என்ன? அதை மட்டும் எடுத்துட்டா இன்னைக்கே பரிந்துரை எழுதிடலாம். வெச்சுக்கணும்னா இன்னொரு தடவை கூடணும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் கடிகாரத்தைப் பார்த்திருக்காவிட்டால் ஒருவேளை கண்டக்டர் எழுந்து வராந்தாவுக்குப் போயிருப்பார். நேரமாகிவிட்டது என்று யாராவது காட்டினால் போதும், அவர் உடம்பில் வேறொரு ஆள் விழித்துக்கொள்வான். வண்டி நிறைய ஆட்கள், பத்து ஊர்க்காரர்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று, ஒருவர் மட்டும் தூரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அப்படித்தான் தோன்றியது.

"அது சும்மா முள்ளுதான் சார். ஆடு மேயுற எடம். எடுத்துருங்க. ரைட்!"

கையும் தானாக மேலே போய், இல்லாத கயிற்றைத் தேடியது. அறையே சிரித்துவிட்டது. தலைவர் நன்றாகச் சிரித்தார். கண்டக்டரும் சிரித்தார். சிரிப்பு அடங்கின பிறகுதான் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது. அக்கா பாட்டில் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரைக்கும் அதை அவர் திறக்கவில்லை.

வெளியே வராந்தாவில், எப்போதும் நின்று பேசுகிற அதே தூணுக்குப் பக்கத்தில், "மொதல்ல இது வரட்டும்க்கா. அப்புறமா அதையும் சேர்த்துக்கலாம்" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி," என்றார் அக்கா.

அடுத்த கூட்டத்தில் மாடி கலகலப்பாக இருந்தது. தேன் எடுக்கும் ஊரிலிருந்து வருபவர், அவரைத் தேன்காரர் என்பார்கள், எல்லாருக்கும் தன் செலவில் டீ சொன்னார். வரைவை எழுதிக் கொடுத்த இளம் வக்கீலம்மா முதன்முறையாகச் சிரித்துப் பேசினார். மருந்துக்கடைக்காரர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "ரைட்டு, அந்த முள்ளு விஷயம். வராந்தாவுக்கு வந்து பேசித்தானே முடிவு பண்ணீங்க?"

கண்டக்டர் பாயின் ஓரத்துப் பிரிந்த நூலைப் பார்த்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவருக்குக் கழுத்தில் உறைத்தது.

"பேசினோம்," என்றார் அக்கா.

"அக்காவே ஒத்துக்கிட்ட பிறகு நமக்கென்ன!" என்று தேன்காரர் டீயை உறிஞ்சினார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கண்டக்டர் தலை நிமிர்ந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து, டீ தம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து வக்கீலம்மா சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

மனிதனுக்குத் தண்டனை என்பது திட்டாகவோ அடியாகவோ வர வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கடவுளுக்கு வேறு வழிகளும் தெரியும்.

பரிந்துரை பற்றிய செய்தியோடு பத்திரிகையில் அவர் படம் வந்தது. கண்டக்டரின் மனைவி அதை வெட்டி அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தாள். வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது அதை எடுத்து முழுவதும் படித்தாள். "ஏம்ப்பா, முள்மேடு இதுல இல்லையா? சின்னப் பிள்ளைங்களும் மனுஷங்கதானேன்னு நீங்கதானே எங்கிட்டச் சொன்னீங்க?" என்று சிரித்தாள். அவள் மனதில் எந்தக் குத்தலும் இல்லை. சின்ன வயதுப் பேச்சு ஒன்று நினைவு வந்த சந்தோஷத்தில் சொன்னாள்.

"அது வேற, இது வேற," என்று சொல்லிவிட்டு அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். வாளி நிறைந்து வழிவதைக் கேட்டு மனைவி, "ஏங்க, தூங்கிட்டீங்களா?" என்று கதவைத் தட்டும்வரை நின்றார்.

வேலைக்குக் கிளம்பும்முன் கண்மூடிக் கும்பிடுவது அவர் வழக்கம். குடும்பம், ஓட்டுநர், வண்டியில் ஏறப்போகும் முகம் தெரியாதவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வார். இப்போதெல்லாம் அந்த வேண்டுதல் சுருங்கிப் போயிருந்தது. வேண்டுதலில் மனசு கடைசி நிறுத்தத்துக்கு வந்து நிற்பதற்குள் அவசரமாக முடித்துக்கொண்டு கண்ணைத் திறந்துவிடுவார்.

முள்மேட்டில் நில அளவைக்கு அடிக்கும் முளைக்குச்சிகள் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புத் துணி. கல் உடைக்கும் கம்பெனி ஒன்று சரிவைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறது என்று வண்டியில் பேசிக்கொண்டார்கள். புதிய விதி வந்துவிட்டால் காட்டுக்குத்தான் ஊர்ச் சம்மதம் வேண்டும், முள்மேடுதான் காடு இல்லையே, யாரையும் கேட்க வேண்டியதில்லை. "முள்ளுதானே, போனாப் போகுது விடு," என்று ஒருவர் ஜன்னலோரத்தில் சொன்னார். கண்டக்டருக்கு அது தன் குரலாகவே கேட்டது.

அதைவிடவும் அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒரு தவிட்டு மூட்டை. சந்தைக்கு வந்து திரும்பும் நாட்களில் அக்கா கடைசிக்கு முந்தின இருக்கையில் உட்கார்ந்து, ஆடுகளுக்கு வாங்கிய தவிட்டு மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் வண்டி பெரும்பாலும் காலியாகிவிடும். அப்போது மூட்டையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, இருக்கையைக் கையால் ஒருமுறை தட்டிவிடுவார். காலையிலிருந்து நின்றுகொண்டே வரும் கண்டக்டர் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக. வருடக்கணக்காக நடப்பது இது. அவரும் வந்து உட்கார்ந்து, ஓட்டுநரின் குறட்டை முதல் ஆட்டின் பிடிவாதம் வரைக்கும் எல்லாவற்றையும் பேசிக்கொண்டு போவார்.

விசாரணைக்குப் பிறகும் அக்கா மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்தார். இருக்கையைத் தட்டிவிட்டார். கண்டக்டர்தான், "காத்து வாங்கிக்கிறேன்க்கா" என்று படிக்கட்டிலேயே நின்றார். ஒவ்வொரு முறையும் அந்தக் காலி இருக்கை குலுங்கிக் குலுங்கி அவரோடு மேலே ஏறி வந்தது. அக்கா ஒருமுறை மூட்டையைக் கீழே வைக்காமல் இருந்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் கால் வலியைச் சாக்காக வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"பேசினோம்னு. நான் உங்களக் கேக்கவே இல்லையே."

அக்கா ஜன்னல் வழியாகச் சிவப்புத் துணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "நீ தலையக் கவுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே. என் தம்பி ஒருத்தன், செத்துட்டான், பாத்திரத்தைப் போட்டு உடைச்சிட்டு அப்படித்தான் உட்காருவான். வாயில வந்திருச்சு, சொல்லிட்டேன்."

"கோவம் வரலையா?"

"வராம? ஒரு வாரம் ஆடுங்களத் திட்டித் தீர்த்தேன். அதுங்க என்ன பண்ணும் பாவம். ஒரு கெடா என்னையே மொறைச்சுப் பாத்துச்சு, 'யாரையோ திட்டவேண்டியதை என்னைய ஏன் திட்டுற'ன்னு கேக்குற மாதிரி."

கண்டக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்க்கா. வர்ற கூட்டத்துல."

"சொன்னா நான் சொன்ன பொய்யும்தான் வெளிய வரும்."

அதை அவர் யோசித்திருக்கவில்லை. அந்த அறையில் யோசிக்காததுபோலவே இங்கும் யோசிக்கவில்லை. வண்டி ஒரு வளைவில் திரும்பி, தவிட்டு மூட்டை அவர் காலில் வந்து சாய்ந்தது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, "அப்ப நீங்களே சொல்லுங்க, சொல்லட்டுமா வேண்டாமா?" என்று கேட்டார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பக் கேட்டியே," என்றார். "சொல்லு."

மாடியில் அன்றைக்குக் கூட்டம் குறைவாக இல்லை. எல்லா ஊரிலிருந்தும் ஆள் வந்திருந்தது. கண்டக்டர் எழுந்து நின்று சொன்னார். வராந்தாவுக்குப் போகவில்லை என்றார். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார். அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொன்னார். "அக்கா என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல."

கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. முதலில் பேசியது தேன்காரர்.

"டிக்கெட் இல்லாதவனை நடுவழியில எறக்கிவிடுவே, சரி. எங்க அக்கா டிக்கெட் வாங்கித்தானேய்யா ஏறிச்சு? கூட்டம் ஆரம்பிச்ச நாள்லேருந்து பாயில உட்கார்ந்திருக்கு. அதை எறக்கிவிட்டுட்டு ரைட்டு சொல்லிட்டு வந்திருக்கே!"

"சரி, சரி, போதும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என்ன போதும்? சிரிச்சிருக்கான்யா!"

கண்டக்டர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தானாக உட்காரும் உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

வக்கீலம்மா நிதானமாகப் பேசினார். "அரசாங்கத்தோட வரைவு விதி வெளியாயிருக்கு. ஆட்சேபணை சொல்ல மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. முள்மேட்டைத் திரும்பச் சேர்க்கணும்னு நாமளே கேக்கலாம், ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. மறுபடியும் திறந்தா முழுசையும் திறக்கறோம்னு சொல்லிடலாம் அவங்க. கிடைச்சதும் போனாலும் போயிரும். எல்லாருக்கும்."

ஒவ்வொருவரும் மனதுக்குள் தன் ஊரின் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் விடாமல் சம்மதம் சொன்னால்தான் அவர்களிடம் எதுவும் முடிவு. சம்மதம், சம்மதம் என்று பாயைச் சுற்றி வந்தது. சிலர் சட்டென்று சொன்னார்கள். சிலர் எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னார்கள். கடைசியில் தேன்காரரிடம் வந்து நின்றது. இவ்வளவு நேரம் பொரிந்து தள்ளியவர் இப்போது வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய காடுதான் எல்லாவற்றிலும் பெரியது. போனால் அவருக்குத்தான் அதிகம் போகும்.

அக்கா சொன்னார்: "ஒனக்கு மனசில்லைன்னா சொல்லிரு தம்பி. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"நீங்க நெனைச்சுக்க மாட்டீங்க. அதான் பிரச்சினையே," என்றார் தேன்காரர் எரிச்சலோடு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்மதம். ஆனா இந்தத் தடவை ரைட்டு போக வேணாம். அக்கா போகட்டும். அக்காவே பேசட்டும்."

"எனக்கு என்ன பேச வரும்?" என்றார் அக்கா.

"கூட நான் வர்றேன்," என்றார் வக்கீலம்மா. "அவங்க எதைக் கேட்டாலும் வராந்தாவுக்கு வந்துருவோம். எத்தனை தடவை வேணும்னாலும்."

ஆட்சேபணை அனுப்பியதும் ஆய்வுக் குழுவிடமிருந்து நாள் குறித்துக் கடிதம் வந்தது. முந்தின நாளே கிளம்பிப் போய்த் தங்கினால்தான் நேரத்துக்குப் போக முடியும். சாயங்கால வண்டியில் வக்கீலம்மாவோடு அக்கா இறங்கிப் போனார். ஆடுகளைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், "தொட்டியில தண்ணிதான்..." என்று ஆரம்பித்து, "அதுக்குக் கைக்குழந்தை இருக்கு, மேட்டுல குடம் சுமக்கச் சொல்ல முடியாது. ஒரு நாள்தானே, பரவாயில்ல" என்று தானே முடித்துக்கொண்டார். வக்கீலம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டருக்குப் புரிந்தது. முள்மேட்டின் நடுவில் அக்கா ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தார். தினமும் விடிகாலையில் அடிபம்பிலிருந்து குடத்தில் சுமந்து போய் அதை நிறைப்பார். ஆடுகள் குடித்தது போக மிச்சம் யார் யாருக்கோ. வருடக்கணக்காக, முதல் வண்டி கிளம்பும் நேரத்தில் குடத்தோடு மேடேறும் அந்த உருவத்தை அவர் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறார். ஒருநாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அவர்களை விட்டுவிட்டுத் திரும்பி வந்த வண்டி அன்று இரவு கடைசி நிறுத்தத்தில்தான் தங்கியது. கிழக்கு வெளுக்கும்போது ஓட்டுநர் பின் இருக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டர் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பனியனோடு இறங்கினார். அக்கா வீட்டு வாசலில் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டார். கும்பிட வேண்டும் என்று நினைத்தார். கை இரண்டும் குடத்தில் இருந்தது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று நடந்தார்.

முதல் குடத்தோடு ஏறும்போதே மூச்சு வாங்கியது. முள் காலைக் கீறியது. பாதை ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்று நின்றது. பிடுங்கி எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அங்கே அக்கா இந்நேரம் தலைசீவிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார், கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதற்காக. குச்சியை அதன் போக்கில் விட்டுவிட்டு மேலே ஏறினார். தொட்டியின் அடியில் கொஞ்சம் பாசியும் காய்ந்த சருகும் கிடந்தன. கையால் வழித்துச் சுத்தம் செய்துவிட்டு ஊற்றினார். குடம் குடமாக, தொட்டி விளிம்பைத் தொடும்வரை, திரும்பத் திரும்பப் போய் வந்தார். பக்கத்து வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போது தொட்டி நிறைந்திருக்கும். அக்காவே நிறைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள்.

கடைசிக் குடத்தைக் கவிழ்த்தபோது கால் வழுக்கி, அப்படியே தொட்டி ஓரத்தில் குந்தினார். குந்திய நிலையில் நிமிர்ந்து பார்த்தவர் எழுந்திருக்க மறந்துபோனார். நிற்கும்போது இடுப்பளவே இருந்த முள்மரங்கள் இப்போது அவர் தலைக்குமேலே கூடியிருந்தன. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, இடைவெளிகளில் விடியலின் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகச் சிந்திக்கொண்டிருந்தது. அடியில் நிழலும் ஈரமும் சருகு மணமும். எங்கோ பக்கத்தில் எதுவோ சருகை மிதித்து நடந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் கண் இருக்கிற உயரம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

கீழே ஓட்டுநர் ஹாரன் அடித்தார். முதல் வண்டிக்கு நேரம்.

புதருக்குள்ளிருந்து ஒரு கௌதாரி தலையை நீட்டியது. இடம் பார்த்தது, வலம் பார்த்தது. அதன் பின்னால் பழுப்பு உருண்டைகளாகக் குஞ்சுகள், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு. தொட்டியின் ஒரு மூலை உடைந்து, கசிந்த தண்ணீர் கல்லின் பள்ளத்தில் தேங்கியிருந்தது. அங்கே அவை வந்தன. கண்டக்டர் எழுந்தால் கலைந்து ஓடிவிடும்.

ஹாரன் மறுபடியும் அடித்தது. இந்த முறை நீளமாக. யாரோ, "ரைட்டு! ஏ ரைட்டு! எங்கய்யா போனே?" என்று கூப்பிடும் குரலும் கேட்டது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, காலி குடத்தை மார்போடு அணைத்தபடி, குட்டை மரங்களுக்கு அடியில் அசையாமல் குந்தியிருந்தார். கடைசிக் குஞ்சு இன்னும் தண்ணீருக்கு வந்து சேரவில்லை.